சேஃப்டி வால்வு திறக்குறது பாதி வேலைதாங்க: அணுமின் நிலையத்து நீராவி வால்வை ஏன் மாத்தி அமைக்கிறாங்க

போன மாசம் எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல அஸ்தம்பட்டி மாமா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தாரு. "சேலம் அணுமின் நிலையத்தில் நீராவி வால்வு கோளாறு, மக்கள் உஷார்"னு. பத்து நிமிஷத்துல குரூப்பே கலங்கிப் போச்சு. ஏற்காட்டுல இருக்கிற அத்தை "கீழ வரவா, இங்கயே இருக்கட்டுமா"ன்னு போன்ல அழறாங்க. நம்ம சேலத்துல அணுமின் நிலையமே கிடையாதுங்க. மாவட்டத்துல இருக்கிறது மேட்டூர் அனல்மின் நிலையம், அது நிலக்கரி. தமிழ்நாட்டுல அணுமின்சாரம்னா கல்பாக்கமும் கூடங்குளமும்தான். அந்த ஃபார்வர்டுல இருந்த சேலம் அமெரிக்காவுல நியூ ஜெர்ஸி மாநிலத்துல டெலாவேர் ஆத்தோரமா இருக்கிற ஊரு, அங்க நிஜமாவே "சேலம்"ங்கிற பேர்ல 1977லயும் 1981லயும் ஓட ஆரம்பிச்ச ரெண்டு அணு உலை இருக்கு.

ஊர் குழப்பம் அன்னிக்கே தீர்ந்துடுச்சு. ஆனா அதுக்கப்புறம் நடந்த பேச்சுதான் என்னை எழுத வெச்சுது. "வால்வு திறந்துச்சுன்னா கதிர்வீச்சு வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம்"னு ஒருத்தர், "சேஃப்டி வால்வுதானே, திறக்கத்தானே வெச்சிருக்கான், இதுல ரிப்பேர் என்ன மாத்துறது என்ன"ன்னு இன்னொருத்தர். ரெண்டுமே தப்பு. நான் இருபது வருஷமா சேலம் ஆத்தூர் பக்கம் ரைஸ் மில், சாயப்பட்டறை பாய்லருங்களுக்கு வால்வு சர்வீஸ் பண்றவன். அணு உலைக்குள்ள வேலை செஞ்சவன் இல்ல, ஆனா நீராவி எங்க இருந்தாலும் ஒரே குணம்தான், அதனால குக்கர்ல ஆரம்பிச்சு அணு உலை வரைக்கும் படிப்படியா சொல்றேன்.

குக்கர்ல ஆரம்பிக்கலாம்

திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். ஏற்காட்டுல கடல்மட்டத்துக்கு மேல 1500 மீட்டர்ல இருக்கோம், அங்க காத்தோட அழுத்தம் கம்மி, அதனால 95 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும். அத்தை வீட்டுல பருப்பு வேக நேரமாகுதுன்னு சொல்றது இதனாலதான். குக்கர்ல இதுக்கு நேர்மாறா, மூடியைப் போட்டு ஆவியை வெளிய விடாம அடைக்கிறோம், அழுத்தம் ஏறுது, தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம சூடு தாங்குது, பருப்பு சீக்கிரம் வேகுது.

அழுத்தம் ஏறிக்கிட்டே போனா பாத்திரம் தாங்காது. அதுக்குத்தான் மேல வெயிட்டு. ஆவி வெயிட்டைத் தூக்கித் தள்ளுது, விசில் வருது, கொஞ்சம் ஆவி போனதும் வெயிட்டு திரும்ப உக்காருது. இதுதான் ரிலீஃப் வால்வு: அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினா தானா திறந்து, இறங்கினதும் தானா மூடிக்கிற வால்வு. 1679லயே தெனிஸ் பாப்பேன்ங்கிற பிரெஞ்சுக்காரர் எலும்பு வேக வைக்கிறதுக்கு அடைச்ச பாத்திரம் ஒண்ணு செஞ்சு, அதுக்குக் கம்பியில வெயிட்டு தொங்கவிட்ட வால்வு வெச்சாரு, இன்னிக்கு இருக்கிற எல்லா சேஃப்டி வால்வுக்கும் அதுதான் கொள்ளுத் தாத்தா.

குக்கர் மூடியில பக்கவாட்டுல சின்னதா ஒண்ணு இருக்கும் பாருங்க, சேஃப்டி பிளக்னு கடையில கேட்டு வாங்குவோம். வெயிட்டு அடைச்சிக்கிட்டா அது உருகி வழி விடும். ஒரு தடவை போனா போச்சு, புதுசுதான் போடணும். விசில் வெயிட்டு அப்படி இல்ல, திறக்கணும், திரும்ப மூடணும், நாளைக்கும் திறக்கணும். அந்த "திரும்ப மூடணும்"ங்கிற வார்த்தையை மனசுல வெச்சுக்குங்க, இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுத்தித்தான்.

அடுப்பை அணைச்சாலும் தணல் இருக்கும்

குக்கர்ல பிரச்சனைன்னா கேஸை அணைச்சிடலாம். அணு உலையில அப்படி முடியாதா? அணைக்கலாம், சில நொடியில அணைச்சிடுவாங்க. ஆனா விறகடுப்பு மாதிரி நினைச்சுக்குங்க. கட்டையை வெளிய இழுத்துட்டாலும் தணல் கிடக்கும், அந்தத் தணல்லயே பால் பொங்கும். யுரேனியம் பிளந்ததுல உண்டான துண்டுகள் தொடர்ந்து சிதைஞ்சு சூடு விட்டுக்கிட்டே இருக்கும், இதுக்கு சிதைவு வெப்பம்னு பேரு. உலையை நிறுத்தின அந்த நிமிஷத்துல முழு வெப்பத்துல 6லேருந்து 7 சதவீதம் மிச்சம் இருக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு ஒன்றரை சதவீதம் பக்கம், ஒரு நாள் கழிச்சும் அரை சதவீதம்.

6 சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. கூடங்குளத்துல ஒரு யூனிட் 1000 மெகாவாட் மின்சாரம் தருது, அதுக்கு உள்ள உண்டாகுற வெப்பம் 3000 மெகாவாட். அதுல 6 சதவீதம்னா 180 மெகாவாட். உலையை நிறுத்தியாச்சு, ஆவியால சுத்தி மின்சாரம் எடுக்கிற டர்பைன் ஆவியை வாங்கிக்கல, மின்சாரம் ஓடல, ஆனா 180 மெகாவாட் சூடு எங்கயாவது போயே ஆகணும். ஆவியைக் குளிர வெச்சுத் திரும்பத் தண்ணியாக்குற கண்டென்சர் வேலை செஞ்சா அது வழியா போகும், அதுவும் நின்னு போச்சுன்னா ஆவியை வால்வு வழியாத்தான் விடணும்.

ஆக இதுவரைக்கும்: அடைச்ச ஆவிக்கு ஒரு வழி வேணும், அந்த வழி தானா திறந்து தானா மூடணும், அணு உலையில நெருப்பை அணைச்ச பிறகும் அந்த வழி தேவைப்படும்.

வால்வு திறந்தா கதிர்வீச்சா?

இதைத்தான் குரூப்ல ரொம்பப் பேரு கேட்டாங்க. எந்த வால்வுன்னு தெரியாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது.

கல்பாக்கம், கூடங்குளம், அமெரிக்க சேலம் மூணுலயும் ரெண்டு தண்ணி ஓட்டம் தனித்தனியா இருக்கு. உலைக்குள்ள ஓடுற தண்ணி ஒண்ணு, அது சூட்டை மட்டும் மெல்லிசான குழாய் சுவர் வழியா இன்னொரு தண்ணிக்குக் கொடுக்கும், ரெண்டாவது தண்ணிதான் ஆவியாகி டர்பைனுக்குப் போகுது. குழந்தைக்குப் பால் பாட்டிலை வெந்நீர்ல முக்கி சூடு பண்றோமே, சூடு கலக்குது, பாலும் வெந்நீரும் கலக்கல, அந்த மாதிரி. ரெண்டாவது ஓட்டத்துல இருக்கிற ரிலீஃப் வால்வு திறந்தா ஆவி வெளிய ஆகாசத்துக்குத்தான் போகும், பயங்கர சத்தம் வரும், ஆனா குழாய் ஓட்டை இல்லாத வரைக்கும் அது சாதாரண தண்ணி ஆவி. 2011ல கூடங்குளத்து முதல் யூனிட்டை நிஜ எரிபொருள் போடாம, டம்மி எரிபொருள் வெச்சு சூடாக்கி ஓட்டிப் பார்த்தாங்க. அப்ப வந்த சத்தத்துல சுத்துப்பட்டு ஜனங்க மிரண்டு போனாங்க. நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ரைஸ் மில் பாய்லர் வால்வு ஊதும்போது பக்கத்துல நின்னவங்களுக்குத் தெரியும், 10 கிலோ பிரஷர்லயே, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்துலயே, நெஞ்சு அதிரும்.

முதல் ஓட்டத்துல இருக்கிற வால்வு வேற. கூடங்குளம், அமெரிக்க சேலம் மாதிரி நிலையத்துல அங்க தண்ணி 155 பார் பக்கம் அழுத்தத்துல இருக்கும், கார் டயர்ல இருக்கிறதைப் போல 70 மடங்குக்கு மேல. இந்த ஓட்டத்துல பிரஷரைசர்னு ஒரு தொட்டி இருக்கு, அழுத்தத்தை ஏத்தி இறக்கிச் சீரா வெச்சுக்கிற தொட்டி. அதோட உச்சியில இருக்கிற வால்வு திறந்தா ஆவி வெளிய போகாது, கட்டடத்துக்குள்ளயே இருக்கிற ஒரு டேங்க்குக்குப் போகும்.

மூணாவது வகை, மகாராஷ்டிராவுல தாராப்பூர்ல 1969லேருந்து இருக்கிற ரெண்டு பழைய யூனிட்டு மாதிரி. அங்க உலைக்குள்ளயே தண்ணி கொதிச்சு அந்த ஆவியே நேரா டர்பைனுக்குப் போகுது, அதனால கொதிநீர் உலைன்னு சொல்லுவாங்க. இந்த வகையில ரிலீஃப் வால்வு ஆவியை உள்ள இருக்கிற பெரிய தண்ணித் தொட்டிக்குள்ள விட்டு அங்கயே குளிர வைப்பாங்க.

வால்வுக்குள்ள என்ன இருக்கு

பட்டறையில ஒரு சேஃப்டி வால்வைப் பிரிச்சு மேஜையில வெச்சா முக்கியமா மூணு சாமான்தான். சீட்டு, அது ஆவி வர்ற வாய். டிஸ்க்கு, அது வாயை மூடுற தட்டு. ஸ்பிரிங்கு, அது தட்டை அழுத்திப் பிடிக்கிறது. சீட்டும் டிஸ்க்கும் தொடுற முகம் ரெண்டையும் பேஸ்ட் தடவி, வார்ப்பிரும்புத் தட்டுல எட்டு போடற மாதிரி கையாலயே தேய்ச்சுத் தேய்ச்சு லேப்பிங் பண்ணுவோம். நகத்தை வெச்சு இழுத்தா தட்டக் கூடாது, ட்யூப்லைட் கீழ பிடிச்சா கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஒரே சீரா ஓடணும். தலைமுடி அளவு கோடு இருந்தாலும் ஆவி அது வழியா கசியும், எங்க பாஷையில "பாஸிங்". பாஸிங் ஆன வால்வை அப்படியே விட்டா ஆவி கத்தி மாதிரி அந்தக் கோட்டை அறுத்து அறுத்து வாய்க்கால் ஆக்கிடும்.

ஸ்பிரிங்குக்கு எவ்வளவு பலம் வேணும்னு ஒரு கணக்கு பாருங்க. வாய் 4 சென்டிமீட்டர் அகலம், பாய்லர் 10 கிலோ பிரஷர்னா தட்டு மேல விழுற பாரம் சுமார் 125 கிலோ, ரெண்டு ஆள் ஏறி நின்ன மாதிரி. அதே வாய் 10 சென்டிமீட்டர், பிரஷர் 70 கிலோன்னா ஐந்தரை டன். அவ்வளவு பாரத்தைப் பிடிச்சு நின்னுக்கிட்டே, செட் பிரஷர் வந்த உடனே விட்டுடணும். செட் பிரஷர்னா திறக்கணும்னு குறிச்சு வெச்ச அழுத்தம், அணு உலையில இதுல ஒண்ணுலேருந்து மூணு சதவீதம் தள்ளிப் போனாலே கேள்வி கேப்பாங்க.

திறக்கும்போது மெதுவா திறக்காது, டப்புன்னு திறக்கும். காத்தடிக்கிற நாள்ல லேசா சாத்தின கதவு மாதிரி, முதல்ல ஒரு சந்து, காத்து உள்ள புகுந்ததும் முழுக் கதவும் அடிச்சுக்கிட்டுத் திறக்கும். டிஸ்க்கு கொஞ்சம் தூக்கினதும் ஆவி படுற இடம் பெருசாயிடும், அதனால ஒரே தூக்கு. அதே காரணத்தால மூடுறதுக்கு அழுத்தம் செட் பிரஷரை விடக் கொஞ்சம் கீழ இறங்கணும், அந்த இடைவெளிக்குப் பேரு ப்ளோடவுன்.

பெரிய வால்வுக்கு ஸ்பிரிங்கை மட்டும் நம்பாம பைலட் வெப்பாங்க. யானையும் அங்குசமும் மாதிரி, பைலட்ங்கிறது பெரிய வால்வை ஏவுற குட்டி வால்வு. பெரிய தட்டை ஆவியோட அழுத்தத்தாலயே மூடிப் பிடிச்சு வெச்சிருப்பாங்க, குட்டி திறந்து அந்தப் பிடியை விட்டதும் பெருசு திறக்கும். குட்டியை அழுத்தமும் திறக்கலாம், கன்ட்ரோல் ரூம்ல சுவிட்ச் போட்டு கரண்ட்டும் திறக்கலாம். வசதிதான், ஆனா குட்டி மக்கர் பண்ணா பெருசும் மக்கர்.

இதுக்கு மேல போறதுக்கு முன்னாடி ஒண்ணைப் பிடிச்சுக்குங்க. வால்வு நம்பகமா இருக்குன்னா மூணு விஷயம்: சொன்ன அழுத்தத்துல திறக்கணும், அழுத்தம் இறங்கினதும் மூடணும், திறந்திருக்கா மூடியிருக்கான்னு நமக்குத் தெரியணும். மாத்தி அமைக்கிறதெல்லாம் இந்த மூணுல ஒண்ணுக்காகத்தான்.

திறக்க வேண்டிய நேரத்துல ஒட்டிக்கிட்ட வால்வு

வருஷக்கணக்கா திறக்காத இரும்புக் கேட்டுத் தாழ்ப்பாளை மழைக்காலத்துக்கு அப்புறம் இழுத்துப் பாருங்க. துருவே பசையாகிப் பிடிச்சிருக்கும், ரெண்டு தட்டு தட்டினா டக்குனு விடும், அதுக்கப்புறம் சுளுவா ஓடும். கொதிநீர் உலையில பைலட் வால்வுக்கு இதே கதி வந்துச்சு. சீட்டும் டிஸ்க்கும் ஸ்டெல்லைட்னு கோபால்ட் குரோமியம் கலந்த ரொம்பக் கெட்டியான உலோகம். நம்ம ஊர் உருக்காலையில வர்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏன் துருப் பிடிக்காதுன்னா மேல கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒண்ணு உண்டாகிக் காப்பாத்துது. ஸ்டெல்லைட்டும் அப்படித்தான். ஆனா ரெண்டு முகம் ஒட்டி உக்காந்து, மாசக்கணக்கா சூட்டுல கிடந்தா இந்தப் பக்கத்துப் படலமும் அந்தப் பக்கத்துப் படலமும் சேர்ந்து வளர்ந்து ஒட்டிக்குது. காப்பாத்துற படலமே பசையா மாறிடுது. அதைப் பிச்சுக்கிட்டு திறக்கக் கூடுதல் அழுத்தம் வேணும், அப்ப செட் பிரஷர் தள்ளிப் போகுது.

இதுல கஷ்டம் என்னன்னா டெஸ்ட் பண்ணும்போது முதல் தடவைதான் லேட்டா திறக்கும், ரெண்டாவது தடவை சரியா திறக்கும், தாழ்ப்பாள் மாதிரியே. அதனால உலையிலேருந்து கழட்டின வால்வைத் தொடாம துடைக்காம அப்படியே டெஸ்ட் பெஞ்சுல ஏத்தி, சூடான ஆவியில முதல் திறப்பை அளக்கணும். சுத்தம் பண்ணிட்டு அளந்தா நோயைத் துடைச்சிட்டு ரத்தம் எடுத்த மாதிரி.

மாத்தின விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கொதிநீர் உலையில கதிர்வீச்சால தண்ணி கொஞ்சம் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா உடையும், அது ஆவியோட வந்து பைலட் மூலையில தங்கும், அந்த ஆக்சிஜன்தான் படலத்துக்குத் தீனி. அதனால டிஸ்க்கு உலோகத்துல துளியூண்டு பிளாட்டினம் கலந்தாங்க. பிளாட்டினம் தான் மாறாம அந்த ரெண்டையும் திரும்பத் தண்ணியாவே சேர்த்து வைக்கும், தீனி குறைஞ்சா படலம் குறையும். இன்னொரு பக்கம், பைலட் ஒட்டிக்கிட்டாலும் பரவாயில்லன்னு தனியா பிரஷர் சென்சார் வெச்சு, அழுத்தம் ஏறினா கரண்ட்டால வால்வைத் திறக்கிற மாதிரி ரெண்டாவது வழியும் போட்டாங்க. ஒரு நோய்க்கு உள் மருந்து, வெளி மருந்து ரெண்டும்.

மூடாத வால்வு, பொய் சொன்ன விளக்கு

1979 மார்ச் 28, விடிகாலை 4 மணி, அமெரிக்காவுல பென்சில்வேனியா, த்ரீ மைல் ஐலண்ட் ரெண்டாவது யூனிட். தண்ணி பம்ப் நின்னு அழுத்தம் ஏறுச்சு, பிரஷரைசர் மேல இருந்த பைலட் ரிலீஃப் வால்வு திறந்துச்சு, அதுவரைக்கும் சரிதான். அழுத்தம் இறங்கினதும் மூடியிருக்கணும், மூடல. கன்ட்ரோல் ரூம்ல விளக்கு அணைஞ்சு போச்சு, ஆபரேட்டருங்க வால்வு மூடிடுச்சுன்னு நினைச்சாங்க. ஆனா அந்த விளக்கு வால்வைப் பார்த்து எரியல, வால்வைத் திறக்கப் போற கரண்ட்டைப் பார்த்து எரிஞ்சுது, "மூடு"ன்னு கரண்ட் நின்னதும் அணைஞ்சுது. மாடியில இருக்கிற பையனை "கேட்டைப் பூட்டிட்டு வா"ன்னு சொல்லிட்டு, சொன்னதையே பூட்டினதா நினைச்சுப் படுத்துத் தூங்கற மாதிரி.

2 மணி நேரம் 20 நிமிஷம் தண்ணி அந்த வழியாப் போய்க்கிட்டே இருந்துச்சு. பிரஷரைசர்ல தண்ணி மட்டம் ஏறினதைப் பார்த்து உள்ள தண்ணி நிறைய இருக்குன்னு நினைச்சு, தானா ஓடின அவசரத் தண்ணியையும் குறைச்சிட்டாங்க. கடைசியா வேற ஷிப்டுல வந்தவர் சந்தேகப்பட்டு, அந்த வால்வுக்கு முன்னாடி இருக்கிற அடைப்பு வால்வை மூடச் சொன்னாரு. அதுக்குள்ள எரிபொருள் சேதமாக ஆரம்பிச்சிடுச்சு, கடைசியில பாதி உருகிப் போச்சு. அந்த யூனிட் அப்புறம் ஓடவே இல்ல.

மனசு கஷ்டப்படற விஷயம், 1977 செப்டம்பர்லயே ஒஹையோ மாநிலத்துல டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்துல இதே மாதிரி வால்வு மூடாம மாட்டிக்கிச்சு. அங்க கம்மி பவர்ல ஓடிக்கிட்டு இருந்ததாலயும், இருபது நிமிஷம் போலக் கண்டுபிடிச்சு அடைப்பு வால்வை மூடினதாலயும் ஒண்ணும் ஆகல. அந்தப் பாடம் த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டருங்க காதுக்கு வந்து சேரல.

இதுக்கு அப்புறம் வந்த மாற்றம் பெருசு. அமெரிக்காவுல எல்லா நிலையத்துலயும் ரிலீஃப் வால்வோட நிஜ நிலைமையை நேரா காட்டணும்னு கட்டாயம் ஆச்சு. டிஸ்க்கோட சேர்ந்து ஏறி இறங்குற தண்டுல சுவிட்ச் வெச்சு, தண்டு மேல இருக்கா கீழ இருக்கான்னு பார்க்கிறது ஒரு வழி. இன்னொண்ணு சத்தம்: வால்வுக்குப் பின்னாடி இருக்கிற பைப்புல அதிர்வைக் கேக்குற சென்சார் ஒட்டி வெச்சு, உள்ள ஆவி ஓடுற இரைச்சல் இருக்கான்னு கேக்குறது. ஹால்ல உக்காந்து சமையல்கட்டுக் குக்கர் விசிலை எண்ணுறோமே, அதேதான். அதோட பெரிய வால்வுகளை முழு அளவுல ஆவியும் தண்ணியும் விட்டு டெஸ்ட் பண்ணாங்க, ஏன்னா ஆவிக்குச் செஞ்ச வால்வு வழியா தண்ணி போனா என்ன ஆகும்னு அதுவரைக்கும் யாருக்கும் சரியாத் தெரியல.

அந்த டெஸ்டுல இன்னொரு விஷயமும் உறுதியாச்சு. சில நிலையத்துல சேஃப்டி வால்வுக்கு முன்னாடி பைப்பை வளைச்சு அதுல தண்ணி தேங்க வெச்சிருந்தாங்க, வாஷ்பேசின் கீழ வளைவுல தண்ணி நிக்குமே அது மாதிரி. சீட்டுல ஆவி நேரா படாம பாஸிங் ஆகாம இருக்கும்னு நல்ல எண்ணத்துல வெச்சது. ஆனா வால்வு டப்புன்னு திறக்கும்போது அந்தத் தண்ணி குண்டு மாதிரி பறந்து பைப்பை உலுக்கி எடுத்துச்சு. அதனால பல இடத்துல அந்தத் தண்ணியை வடிச்சாங்க, சில இடத்துல அதைச் சூடு பண்ணி வெச்சாங்க. வடிச்சா அதிர்ச்சி போகுது, ஆனா ஆவி சீட்டுல நேரா படுது, சீட்டு முகத்தை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தணும். இந்தத் தொழில்ல எதையும் சும்மா மாத்த முடியாதுங்க, ஒரு பக்கம் இறுக்கினா இன்னொரு பக்கம் இளகும்.

ரீகேப்புக்கு ரெண்டு வரி: ஒட்டிக்கிறதுக்கு உலோகத்தை மாத்தினாங்க, மூடாததுக்கும் தெரியாததுக்கும் கண்ணும் காதும் வெச்சாங்க. இப்ப அந்த சேலத்துக்குப் போகலாம்.

அந்த சேலத்துல 1994ல நடந்தது

1994 ஏப்ரல் 7. டெலாவேர் ஆத்துல மிதந்து வந்த புல்லு, சேலம் முதல் யூனிட்டுக்குக் குளிர் தண்ணி இழுக்கிற வாயை அடைச்சிடுச்சு. பவரைக் குறைக்கக் குறைக்க நிலைமை கைமீறி உலை தானா நின்னுச்சு, அவசரத் தண்ணி உள்ள பாய ஆரம்பிச்சு பிரஷரைசரே தண்ணியால நிறைஞ்சு போச்சு. ரெண்டாவது ஓட்டத்துல ஆவி அழுத்தம் ஏறுது. அந்த நேரம் திறக்க வேண்டியது வெளிக்காத்துல ஆவி விடுற ரிலீஃப் வால்வு, அழுத்தத்தைப் பார்த்து வால்வை ஏவுற கருவியான கன்ட்ரோலர் வெச்சு மெதுவாத் திறந்து சீரா விடற வகை. அது திறக்க வேண்டிய அழுத்தத்துல திறக்கல.

வால்வு ஒட்டிக்கல, ஸ்பிரிங்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கோளாறு கன்ட்ரோலர் கணக்குல. ஒரு பையனைக் குழாய்கிட்ட நிக்க வெச்சு "தண்ணி வரக் கூடாது, இறுக்கிக்கிட்டே இரு"ன்னு சொல்றீங்கன்னு வெச்சுக்குங்க. குழாய் ஏற்கெனவே முழுக்க மூடியாச்சு, ஆனா அவன் சொன்ன பேச்சைக் கேட்டு நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னு கணக்குல ஏத்திக்கிட்டே இருக்கான். நாலு மணி நேரம் கழிச்சு "திற"ன்னா, ஏத்தி வெச்ச 240 சுத்தையும் முதல்ல இறக்கினாத்தான் நிஜமா குழாய் அசையும். கன்ட்ரோலரும் அப்படித்தான், அழுத்தம் கம்மியா இருந்த நேரமெல்லாம் "மூடு மூடு"ன்னு கணக்கைக் குவிச்சு வெச்சிருந்துச்சு, இதுக்கு வைண்டப்னு பேரு. அது அவிழ்றதுக்குள்ள அழுத்தம் இன்னும் ஏறி, பின்னாடி காவலுக்கு இருந்த ஸ்பிரிங் சேஃப்டி வால்வு டப்புன்னு திறந்துச்சு. அது முழுத் திறப்பு, ஆவி கொட்டுச்சு, உலைத் தண்ணி சட்டுனு குளிர்ந்து அழுத்தம் விழுந்துச்சு, அவசரத் தண்ணி ரெண்டாவது தடவை பாய்ஞ்சுது. பிரஷரைசர் ரிலீஃப் வால்வுங்க தண்ணியைத் தள்ளித் தள்ளி மறுபடி மறுபடி திறந்து மூடிச்சு. நல்லவேளை, ஒவ்வொரு தடவையும் மூடிச்சு. அப்புறம் பிரிச்சுப் பார்த்தப்ப உள் சாமான் சேதமாகி இருந்துச்சு.

வைண்டப்புக்கு வைத்தியம் சுலபம், வால்வு முழுக்க மூடின பிறகு கணக்கை ஏத்தாதேன்னு கன்ட்ரோலருக்கு ஒரு வரம்பு. ஆனா இது வால்வைக் கழட்டி எவ்வளவு லேப்பிங் பண்ணாலும் தெரியாது. பட்டறையில பெஞ்சுல வெச்சு டெஸ்ட் பண்ணா வால்வு நூத்துக்கு நூறு பாஸ். அதனாலதான் அணுமின் நிலையத்துல வால்வை மாத்துறதுன்னா வெறும் இரும்பை மாத்துறது இல்ல, அதை ஏவுற ஒயர், சென்சார், கணக்கு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

கரண்ட் இல்லாத நேரம்

2011 மார்ச், ஜப்பான் ஃபுகுஷிமா. சுனாமில ஜெனரேட்டர் போச்சு, பேட்டரியும் போச்சு. தீயணைப்பு பம்ப் வெச்சு உலைக்குத் தண்ணி விடலாம், ஆனா அந்த பம்ப்போட அழுத்தம் 10 பாருக்கும் கீழ, உலைக்குள்ள 70 பார். முதல்ல ரிலீஃப் வால்வைத் திறந்து உள் அழுத்தத்தை இறக்கினாத்தான் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகும். வால்வைத் திறக்கக் கரண்ட் வேணும், தட்டைத் தூக்க நைட்ரஜன் கேஸ் அழுத்தம் வேணும். ஊழியருங்க கார் பேட்டரிகளைக் கழட்டித் தூக்கிட்டு வந்து கோர்த்தாங்க, 12 வோல்ட் பேட்டரி 10 சீரியல்ல கோர்த்தா 120 வோல்ட். இருட்டுல, கதிர்வீச்சு அலாரம் கத்திக்கிட்டு இருக்க, டார்ச் வெளிச்சத்துல ஒயர் சீவிக்கிட்டு இருந்த அந்த ஆளுங்களை நினைச்சா எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்குது. அதுக்குப் பிறகு பல நாட்டுலயும் இந்த வால்வுகளுக்குன்னு தனியா பேட்டரி, தனியா கேஸ் சிலிண்டர், சுத்தி இருக்கிற சூடும் அழுத்தமும் ஏறினாலும் தாங்குற ஒயரிங்னு சேர்க்க ஆரம்பிச்சாங்க.

இதெல்லாம் எனக்கு எட்டாத உயரத்து வேலை. ஆனா குணம் தெரியும். சில வருஷம் முன்னாடி ஒரு மில்லுல பாய்லர் வால்வு பாஸிங் ஆகுது, ஆவி வீணாப் போகுதுன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா லீவரை ஒயர் போட்டுக் கட்டி, ஸ்பிரிங்கை அடி வரைக்கும் முறுக்கி வெச்சிருக்காங்க. பாஸிங் நின்னு போச்சு, அது வாஸ்தவம்தான். வால்வும் செத்துப் போச்சு. ஒயரை வெட்டிட்டு, பாய்லரை ஆறவிட்டு, சீட்டைத் தேய்ச்சு திரும்ப செட் பண்ணி முடிக்க சாயங்காலம் ஆயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

போன ஞாயித்துக்கிழமை இதையெல்லாம் அஸ்தம்பட்டி மாமாகிட்ட உக்காந்து சொன்னேன். சேலத்துப் புல்லுக் கதை வரைக்கும் பொறுமையா கேட்டாரு. அப்புறம் காபி டம்ளரைக் கீழ வெச்சுட்டு ஒரு கேள்வி கேட்டாரு.

"அந்த ஃபார்வர்டுல வந்த வால்வு, இப்ப மூடியிருக்கா தம்பி? மூடிடுச்சுன்னு யாரு பார்த்தா?"